போகாத இரண்டு செக்

"அக்கா, நம்ம கேஷ் புக்கைவிட பேங்க்ல இருப்பு அதிகமா இருக்கு. பழைய வாடகை செக் ரெண்டும் இன்னும் பேங்குக்குப் போகல," என்றாள் கணக்கெழுதும் பெண்.

தையல்கடைக்காரி சிரித்தாள். "கட்டட ஓனர் மறதிக்காரர். அவர் அப்பவே போட்டிருந்தா, பணமில்லாம உங்க சம்பள செக்கெல்லாம் திரும்பியிருக்கும். வித்தியாசத்துக்குக் காரணம் 'மறதி'ன்னே எழுது."

மதியம் ஓனரே வந்தார். கையில் இரண்டு செக்கும் தேதிவாரியாகப் பின் குத்தி இருந்தன.

"இனி இதைப் போடலாமாம்மா?"

"நீங்க மறந்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

"இது ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டப்ப உன் கை நடுங்குச்சு. இந்த மாச வாடகைக்கு நேத்து கொடுத்த செக்குக்கு நடுங்கல."

அவர் போனதும் தையல்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த 'மறதி'யை அடிச்சிடு."

"என்ன எழுதட்டும்க்கா?"

"'காத்திருந்தார்'னு எழுது."