தொடாத தட்டு

“உடா, அந்தக் கீரைத் தட்டு எங்கே? சீக்கிரம் கொண்டாங்க, இனிமே தாங்காது!”

பாக் டோகார் சிம்போலோனின் குரலில் பத்து நாள் பட்டினி கிடந்தவரின் தவிப்பு இருந்தது. ஜகார்த்தாவின் அந்தப் பாடாங் சாப்பாட்டுக் கடையில் அவர் முன்னால் ஏற்கெனவே பதினாறு தட்டுகள் வந்து இறங்கியிருந்தன. ரெண்டாங் இறைச்சி கறுத்து மினுங்கியது. மூளைக் குழம்பு தளதளத்தது. பொரித்த கோழி காலை நீட்டிப் படுத்திருந்தது. மனிதர் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“மாடியில ஏசி அறையில சாப்பிடறவங்க மேசைக்குப் போயிருக்கு பாக். இறங்கினதும் முதல்ல உங்களுக்குத்தான்,” என்றார் கடைக்காரர் சாஃப்ரி. வாடிக்கையாளர் எல்லோருக்கும் அவர் ‘உடா’, அதாவது அண்ணன்; அவருக்கு அவர்கள் எல்லோரும் ‘பாக்’, அதாவது ஐயா.

பக்கத்தில் இருந்த அலுவலக நண்பர் சுகெங் கைக்கடிகாரத்தைக் காட்டினார். “பன்னண்டு இருபத்தாறு. நாலே நிமிஷம். ஏற்கெனவே லேட்டா அனுப்பி ரெண்டு சிவப்பு வாங்கிட்டீங்க.”

“பயமுறுத்தாதய்யா!”

சிவப்பு என்பது விளையாட்டில்லை. அவர்களுடைய நிறுவனத்தின் தலைவர், தன் மேலாளர்களின் தொப்பைகளைப் பார்த்து மனம் நொந்து, ‘ஆசையை ஆள்வோம்’ என்று பத்து வாரப் பயிற்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார். தினமும் பன்னிரண்டரைக்குள் மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்துப் பயிற்சியாளருக்கு அனுப்ப வேண்டும். பச்சை வந்தால் பிழைத்தோம். மூன்று சிவப்பு விழுந்தால் நீக்கம்.

நீக்கப்பட்டால் டோகாருக்கு பாண்டுங் கிளை மேலாளர் பதவி கிடையாது. “சொந்த வயித்தையே ஆளத் தெரியாதவன் கிளையை எப்படி ஆளுவான்?” என்று தலைவர் கூட்டத்தில் கேட்டிருந்தார். அவருடைய வயிறு மட்டும் மேசைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

பயிற்சியாளர் இபு பாரமிதா, அதாவது பாரமிதா அம்மா, ஒல்லியானவர். ஒற்றை வேர்க்கடலையை இருபது நிமிடம் மென்று காட்டுவார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அறுபது பேரையும் எழுப்பி நிறுத்தி, “நாக்கு வேலைக்காரன், நான் முதலாளி” என்று மும்முறை முழங்க வைப்பார். டோகாரின் குரல்தான் எப்போதும் ஓங்கி ஒலிக்கும்.

இன்று பயிற்சியின் கடைசி நாள்.

தட்டு ஒருவழியாக மாடியிலிருந்து இறங்கியது. ஒரு கைப்பிடி அவித்த மரவள்ளிக் கீரை, ஆறு வெள்ளரித் துண்டுகள், நடுவில் பூப்போல அரிந்த தக்காளி. டோகார் அதை இரு கையாலும் வாங்கி, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, துறவியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு படம் எடுத்தார். அடுத்து சுகெங் எடுத்தார். தட்டு அடுத்த மேசைக்குப் போனது. அங்கே நான்கு பேர் போனும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

பாடாங் கடையில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிடுவார்கள். தொட்ட தட்டுக்கு மட்டும் காசு, தொடாதது திரும்பிப் போகும். அந்தக் கீரைத் தட்டை இந்தப் பத்து வாரத்தில் ஒருவரும் தொட்டதில்லை. உடா காலையில் புதிதாக வைப்பார், மாலையில் தன் ஆட்டுக்குப் போடுவார். பயிற்சியில் உண்மையாகத் தேறியது அந்த ஆடு ஒன்றுதான்.

“பன்னண்டு இருபத்தொன்பது. போயிடுச்சு!” என்று டோகார் பெருமூச்சு விட்டு, ரெண்டாங் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். “நமக்குக் கட்டுப்பாடு ஜாஸ்தி, சுகெங். ரெண்டே துண்டு. அதோட நிறுத்திக்குவேன்.”

ஐந்தாவது துண்டு முடிந்து, அவர் மூளைக் குழம்புக்கு வந்தபோது சுகெங்கின் முகம் வெளுத்தது. சுகெங் எச்சில் கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டார்.

எதிரே இபு பாரமிதா நின்றிருந்தார்.

“இபு! வாங்க, உக்காருங்க. இதெல்லாம் இவர் சாப்பிட்டது. நான் சும்மா துணைக்கு வந்தேன்,” என்றார் டோகார்.

“அடப்பாவி பாக், இப்படியா போட்டுக் குடுப்பீங்க?” என்றார் சுகெங்.

இபு ரெண்டாங்கைப் பார்க்கவேயில்லை. போனை டோகாரின் மூக்குக்கு நேரே நீட்டினார். “இது நீங்க இப்ப அனுப்பினது?”

“ஆமா இபு.”

“இது சுகெங் அனுப்பினது. இது அந்த மேசை ஆளுங்க அனுப்பினது.” அந்த மேசை ஆட்கள் நால்வரும் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்கள். “அதே ஆறு வெள்ளரி, அதே தக்காளி. ஒரே தட்டை ஆறு பேர் அனுப்பியிருக்கீங்க. உங்க யாருக்குமே மூளை கிடையாதா?”

மூளை டோகாரின் வாயில் இருந்தது. அவசரமாக விழுங்கினார்.

பாண்டுங்கின் மலைக்காற்று, தனி அறை, கார், ஓட்டுநர் எல்லாம் வரிசையாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. “இபு, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், சிவப்பு மட்டும் வேண்டாம். என் மனைவி பாண்டுங் வீட்டுக்குத் திரைச்சீலைகூட வாங்கிட்டா. வீடு இன்னும் பார்க்கலை, திரைச்சீலை எட்டு ஜோடி வந்தாச்சு.”

இபு சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு டோகாரின் அருகில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

“சிவப்பு கிடக்கட்டும் பாக், மாடியில இதே தட்டை வெச்சு என் சாப்பாடுன்னு நான் எடுத்த படமும் உங்க படத்தோட சேர்ந்துதான் எங்க தலைமைப் பயிற்சியாளருக்குப் போகுது, அந்தத் தக்காளியையாவது கொஞ்சம் திருப்பி வெச்சிருக்கக் கூடாதா?”