ஒரு தடவை ஒலித்தால்

காலை ஆறு மணிக்கு மீனலோசனியின் போனிலிருந்து நயினாதீவுக்கு அழைப்புப் போனது. ஒரு தடவை ஒலித்ததும் துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் அங்கிருந்தும் ஒரு தடவை ஒலித்து நின்றது.

மீனலோசனியும் நயினாதீவு நாகபூசணியும் புற்றுநோய் வாட்டில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒரு தடவை ஒலித்தால், 'சுகம், நடக்கப் போறன், நீயும் நட.' இரண்டு தடவை என்றால், 'இண்டைக்கு ஏலாது.' மருந்து ஏற்றும் கிழமைகளில் இரண்டு தடவைதான் அதிகம்.

தியாகலிங்கம் மனைவியின் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். மீனலோசனி செத்துப் பதினொரு மாதம்.

கடைசி நாளில் அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நாகபூசணி என்னைப் பாத்துத்தான் மருந்துக்குப் போறவள். நான் இல்லையெண்டு தெரிஞ்சா விட்டிடுவாள்."

அவர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டவில்லை. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகமும் அடிக்கவில்லை. சுருவில் ஊர் முழுக்க ஏசியது. தினமும் விடிய, செத்தவளின் பேரில் சுகம் சொல்லிவிட்டு நடந்தார். பின்னால் அவளும் வருவதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆண்டுத்திவசத்துக்குக் கனடாவிலிருந்து மகன் வருகிறான். நயினாதீவுப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் நோட்டீஸ் ஒட்ட ஏற்பாடு செய்துவிட்டான். அதை நாகபூசணி பார்க்கும் முன் நேரில் சொல்லிவிடவேண்டும் என்று அன்று படகேறினார்.

நாகபூசணி வீட்டுப் படலையடியில் நின்றாள். தலையில் மயிர் கட்டையாக முளைத்திருந்தது. முகம் தேறியிருந்தது.

"வாங்கோ அண்ணை. நல்லா மெலிஞ்சு போனியள். பிட்டு அவிச்சனான், முதல்ல சாப்பிடுங்கோ."

கதிரையில் இருந்தவர் பிட்டுக் கோப்பையை வாங்கி மடியில் வைத்தார். "தங்கச்சி, மீனா..."

"தெரியும் அண்ணை. முதல் மாசமே தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. மருந்து ஏத்திற ஆளுக்கு முப்பது நாளும் சுகமா இருக்குமே?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நீர் மருந்தை விட்டிடுவீரெண்ட பயத்திலை போன் அடிச்சனான். தெரிஞ்சுகொண்டு நீர் ஏன் திருப்பி அடிச்சனீர்?"

நாகபூசணி கோப்பையை எடுத்துத் திரும்ப அவர் கையில் கொடுத்தாள்.

"'நான் போனா இந்த மனுசன் விடிய எழும்பாது, நீதான் எழுப்போணும்' எண்டு மீனாக்கா சொன்னவ."