கேள்விக்குச் சிவப்பு எரியாது

அடுத்த மாடல் போனில் என்னென்ன வரும் என்று யூடியூபில் யூகம் சொல்வதுதான் குணாளனின் பிழைப்பு. சரக்கு தீர்ந்துபோன ஒரு வாரத்தில், "இந்தத் தடவை, பேசறவங்க பொய் சொன்னா கேக்கறவங்க திரையில சிவப்பு எரியும்" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். ஜனங்கள் அதைக் கேட்டு நச்சரிக்க, கம்பெனிக்காரன் நிஜமாகவே வைத்துத் தொலைத்தான்.

அதன்பிறகு போனில் யாரும் பதில் சொல்வதில்லை. கேள்வி கேட்டால் சிவப்பு எரியாது என்று எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். புனேயில் வேலை பார்க்கும் மகள் பிரவீணா அதில் கைதேர்ந்தவள்.

"சாப்டியா கண்ணு?"

"நீங்க சாப்டீங்களாப்பா?"

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"கோயமுத்தூர்ல மழைங்களா?"

மூன்று மாதமாக இதே கதை. குரல் மட்டும் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தது. இன்னும் வராத போனைப் பற்றி லட்சம் பேருக்கு விளக்குகிறவருக்கு, பெற்ற பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

"உங்களுக்கு உடம்பு பரவால்லீங்களா?" என்றாள் அன்றைக்கு.

"எனக்கென்ன கண்ணு, ஜம்முனு இருக்கேன்." பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

"அப்பா, சிவப்பு எரியுதுங்க."

வாழ்நாளில் பலித்த ஒரே யூகம் தன்னையே பிடித்துக்கொடுத்ததில் குணாளனுக்கு வெட்கமாகிவிட்டது.

"எரியட்டும் விடு. பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல. உன்னை நெனச்சா பயமா இருக்குது. நீ நல்லா இருக்கியா சாமி?"

வழக்கம்போல அவளுடைய அடுத்த கேள்விக்காக அவர் காத்திருந்தார்.

"இல்லீங்கப்பா," என்றாள். "வந்து கூட்டிட்டுப் போயிருங்க."