உறை இல்லாத வைரஸ்

நோரோ வைரஸால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சிறுமியைப் பார்த்துவிட்டு, சானிடைசரைக் கையில் தேய்த்தபடியே அடுத்த வார்டுக்கு விரைந்தார் மருத்துவப் பேராசிரியர். அங்கே இருந்தவை குறைமாதக் குழந்தைகள். வாசலில், முகக்கவசமும் நீல அங்கியும் அணிந்த இளம்பெண் ஒருத்தி வழிமறித்தாள்.

“சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க சார்.”

“அதான் சானிடைசர் போட்டாச்சேம்மா!”

“ஃப்ளூ வைரஸுன்னா அது போதும் சார். மேலே இருக்கிற கொழுப்பு உறை கரைஞ்சிடும். பக்கத்து வார்டுல இருக்கிற நோரோவுக்கு உறையே கிடையாது. உள்ளே ஆர்.என்.ஏ., சுத்தி வெறும் புரத ஓடு. சானிடைசருக்கெல்லாம் லேசுல மசியாது.”

பேராசிரியர் அசடு வழியப் போய்க் கைகழுவிவிட்டு வந்தார்.

“அவசரத்துல கோட்டை விட்டுட்டேன். சரி, உறை இல்லாத டி.என்.ஏ. வைரஸ் ஒண்ணு சொல்லு?”

“அடினோ வைரஸ்.”

“சபாஷ்! என் மாணவர்களே இவ்வளவு பளிச்சுன்னு சொல்ல மாட்டாங்க. நீ எந்த காலேஜ்மா?”

“உங்க காலேஜ்தான் சார். இது நீங்க நடத்தின பாடம்தான்.”

“என் வகுப்பிலா? உன்னைப் பார்த்ததே இல்லையே!”

“இந்த வார்டைத் துடைச்சு முடிச்சுட்டு, உங்க வகுப்பு விட்டப்புறம்தான் சார் அங்கே பெருக்க வருவேன். போர்டுல இருக்கிறதை முழுசாப் படிச்சிட்டுத்தான் அழிப்பேன்.”