உட்காருங்க டாக்டர்!

“முதல்ல உட்காருங்க டாக்டர். நாங்க என்ன கோர்ட்டா நடத்தறோம்?” என்றார் ஆராய்ச்சி அனுமதிக் குழுவின் தலைவர்.

“பரவாயில்லை சார், நின்னே பேசறேன்.”

தலைவருக்குச் சுருக்கென்றது. கூட்ட அறைக்கென்று அவரே பார்த்துப் பார்த்து வாங்கிய மெத்தை நாற்காலி. இரண்டு முறை சொல்லியும் இந்தப் பெண் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீட்டிய தேநீரையும் வேண்டாம் என்றுவிட்டாள். போதாக்குறைக்கு அடிக்கடி சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறாள். இவளுக்கு மட்டும்தான் வேலை வெட்டி இருக்கிறதாம்!

“ஆசனவாய் வழியா ஆக்சிஜன்!” கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். “படிக்கவே கூசுது. இதுக்கு எங்க அனுமதி வேற கேக்கறீங்க.”

பக்கத்திலிருந்த வக்கீல் உறுப்பினர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நல்லா சிரிங்க சார்.” அவள் நாற்காலியின் முதுகை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “போன மாசம் என் வார்டுல ஒரு லாரி டிரைவர். ரெண்டு நுரையீரலும் கைவிட்டுடுச்சு. ரத்தத்தை வெளியில எடுத்து ஆக்சிஜன் ஏத்தி உள்ளே அனுப்பற மெஷின் ஒண்ணே ஒண்ணுதான், அதுல வேற ஒருத்தர் இருந்தார். ‘வேற வழியே இல்லையா’ன்னு டிரைவரோட சம்சாரம் என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. வழி இருக்கு சார்! சேத்துல கிடக்கற மீன் குடலாலயே மூச்சு விடுது. ஆக்சிஜன் கரைச்ச திரவத்தைக் குடல்ல நிறுத்தினா ரத்தத்துல கலக்குது, பன்றிகள்ல பார்த்தாச்சு. மெஷின் கிடைக்கற வரைக்கும் ஒரு உயிரைப் பிடிச்சு வைக்கலாம். அந்த வழி பின்பக்கமா இருக்குங்கறதுதான் உங்களுக்குக் கஷ்டம்!”

“மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கும்மா!”

“மூச்சுக்குத் தவிக்கறவனுக்கு மானம் எதுக்கு சார்?”

தலைவர் மேசையில் ஓங்கித் தட்டினார். எதிர்த்துப் பேச வேறு செய்கிறாள்!

“முதல்ல நல்லா இருக்கற ஆளுங்களுக்கு ஆக்சிஜன் இல்லாத வெறும் திரவத்தை ஏத்திப் பார்ப்பீங்களாம். ஒரு மணி நேரம் அடக்கி வச்சிருக்கணுமாம். எந்த மனுஷனால முடியும்? ஊர்ல எவன் சம்மதிப்பான்? ஏன், நீங்க சம்மதிப்பீங்களா? இப்பவாவது உட்கார்ந்து பதில் சொல்லுங்க!”

அவள் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தபடி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நீங்க வெளியில காக்க வச்ச நேரத்தையும் சேர்த்தா ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு சார், நான் ஏத்திக்கிட்டுத்தான் வந்திருக்கேன்; உட்கார்ந்தா உங்க மெத்தை நாற்காலிக்கு நான் பொறுப்பில்லை. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா கழிப்பறை எந்தப் பக்கம்னு சொல்லுங்க, எதுவானாலும் சீக்கிரம்!”