கொஞ்ச நேரம் மூடுங்க

ஷவரிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் குழாய்த் திருகை முழுக்கத் திறந்தாள். நூல் நூலாகவே இருந்தது.

அதற்குக் கீழே அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது மகன். அப்பாவின் அகலமான முதுகு. முகத்தை மேலே தூக்கிக் காத்திருந்தான்.

"வரும்டா, நம்பி. இதோ வந்துரும்."

வரவில்லை.

அவனுக்குப் பேச்சு கிடையாது. பொழுது சாய்ந்தால் உடம்புக்குள் என்னவோ கிளம்பும். கை தானாக எழுந்து தலையில் அறையும். மருந்து மாற்றி மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று. கொட்டுகிற தண்ணீருக்கு மட்டும்தான் அது அடங்கும். பிடரியிலும் தோளிலும் சடசடவென்று அடிக்க வேண்டும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள் மெல்ல முனகுவான். அந்தப் பொழுதில்தான் அவள் குளியலறை வாசலில் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பாள்.

கொஞ்ச நாளாகவே வேகம் குறைந்துகொண்டு வந்தது. ஷவரைக் கழற்றி, அடைத்திருந்த உப்பை ஊசியால் குத்தி எடுத்தாள். பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தொட்டி உங்க தலைக்கு மேலயே இருக்குங்க. கீழ் வீட்ல எல்லாம் தொறந்தா உங்களுக்கு இவ்ளோதான் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இன்று சித்திரை வெயில். கீழே எல்லோரும் வேலை விட்டு வந்து குளிக்கிற நேரம்.

முதல் அடி விழுந்தது. காதோரம்.

பக்கெட்டில் இருந்ததை மக்கில் மொண்டு ஊற்றினாள். தலையை உதறினான். மக்குத் தண்ணீர் வந்து நின்றுவிடுகிறது. நின்றுவிடுகிற தண்ணீர் அவனுக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி உயரத்திலிருந்து ஊற்றினாள். பக்கெட் காலி.

அவன் எழுந்தான். சுவரில் போய் நெற்றியை மோதினான்.

முக்காலியில் நின்றபடியே அவள் கையை நடுவில் கொடுத்தாள்.

மறுபடி மோதினான். டைல்ஸுக்கும் அவன் நெற்றிக்கும் நடுவில் விரல்கள் நசுங்கின. கையை எடுக்கவில்லை.

அவன் அப்பா இருந்தவரை இரண்டு பேராகப் பிடிப்பார்கள். தலையை ஒருவர், கையை ஒருவர். போன ஐப்பசியிலிருந்து அவள் மட்டும்தான்.

ஓடிப்போய் யாரையாவது கூப்பிடலாம். அதற்குள் மண்டை உடைந்துவிடும்.

அதே சுவரில், அவள் முகத்துக்கு நேரே வென்டிலேட்டர் இருந்தது. கீழ் வீடுகளின் குளியலறை ஜன்னல்களும் திறப்பது அதே இருட்டுச் சந்தில்தான். அவன் கத்துவது வெளியே போகாமலிருக்க அதில் அட்டையை வைத்து டேப் ஒட்டியிருந்தாள். மேலே ஒரு பிள்ளை இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படி என்று தெரியாது. சத்தம் கேட்டதே என்று யாராவது கேட்டால், டிவி என்பாள்.

இன்னொரு கையால் அட்டையைப் பற்றி இழுத்தாள்.

குபுகுபுவென்று தண்ணீர்ச் சத்தம் ஏறி வந்தது. பக்கெட்டுகள் நிரம்புகிற சத்தம். யாரோ பாடிக்கொண்டே குளிக்கிறார்கள். சோப்பு வாசனை வந்தது.

எல்லாம் அவனுடைய தண்ணீர்.

கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் வாயை வைத்தாள். குரல் எழும்பவில்லை.

மறுபடி மோதினான். விரலில் என்னவோ முறிந்தது.

"குழாய மூடுங்க!"

பாட்டு நின்றது.

"எல்லாரும் மூடுங்க! கொஞ்ச நேரம் மூடுங்க! எம்புள்ள மண்டைய ஒடச்சுக்கிறான்!"

தண்ணீர் நிற்கவில்லை.

திரும்பத் திரும்பக் கத்தினாள். போகப் போக அதில் சொல் இல்லை, வெறும் கத்தல். அவனும் கத்தினான். இரண்டும் ஒன்றாகச் சந்துக்குள் இறங்கின.

ஒரு குழாய் மூடியது.

கீழே யாரோ ஒரு வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டுகிற சத்தம். "மோட்டார் இல்ல சார், குழாய்! குழாய மூடுங்க, மேல அந்தம்மா கத்துறாங்க!"

இன்னொன்று மூடியது. கடைசியாக, எங்கோ அடியில், ஒன்று.

ஷவர் இருமியது.

கொட்டியது.

அவன் திரும்பினான். சுவரைத் தடவிக்கொண்டே வந்து அதன் கீழே நின்றான். மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிடரியில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. ஓங்கிய கை மடிக்கு இறங்கியது.

அவள் முக்காலியை விட்டு இறங்கி ஈரத்திலேயே உட்கார்ந்தாள். நடுவிரல் மடங்கவில்லை.

அவன் முனக ஆரம்பித்தான்.

சந்தில் ஓசையே இல்லை. ஆனால் யாரும் போய்விடவில்லை என்று தெரிந்தது. உடம்பெல்லாம் நுரையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மெதுவாக இருமினார். அவன் முனகல் அத்தனை வீடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுந்து மறைக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து ஒரு பெண்ணின் குரல் மேலே வந்தது. கோபமான குரல் இல்லை. ஒரு கைக்குழந்தையிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

"அம்மா... இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்மா?"

அவள் மகனைப் பார்த்தாள்.

தண்ணீர் அவன் முடியைப் பிரித்துக்கொண்டு வழிந்தது. காதுக்கு மேலே நரை. ஒன்றிரண்டு என்றுதான் நினைத்திருந்தாள். நிறையவே இருந்தது.

வருகிற ஆடிக்கு அவளுக்கு அறுபத்தொன்று.

கீழே இன்னும் யாரும் குழாயைத் திறக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.