ஐம்பத்தோராயிரத்து இருநூறு

வேல்ராஜின் கேமரா கேன்டீன் மேசைமேல் தனியாகக் கிடந்தது. லாசர் அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

புது கேமரா பாடி. பெட்டியிலிருந்து எடுத்த வாசனைகூட இன்னும் போகவில்லை.

லாசருடைய பாடிக்கு ஒன்பது வயது. கைப்பிடி ரப்பர் இரண்டு தடவை உரிந்து, பசை போட்டு ஒட்டியது.

ஒரகடத்தில் இந்த உதிரிபாகக் கம்பெனிக்குப் பதினொரு வருடமாக லாசர்தான் ஆண்டு விழாப் படம் எடுக்கிறார். ரிசப்ஷன் சுவரில் தொங்கும் படங்களின் ஓரத்தில் 'லாசர் டிஜிட்டல்' என்று சின்னதாக இருக்கும். உள்ளே வரும்போதெல்லாம் ஒருமுறை அதைப் படித்துவிட்டுத்தான் வருவார்.

இந்த வருடம் வெளிநாட்டிலிருந்து வரும் முதலாளிக்கு ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதாம். ஃபிளாஷ் இல்லாமல் இந்தக் கேன்டீனின் அரையிருட்டு மேடையில் யார் படம் நன்றாக வருகிறதோ அவருக்கே ஆர்டர் என்று மேனேஜர் நரசிம்மன் சொல்லிவிட்டார்.

ஒரே மேடை, ஒரே அளவு லென்ஸ். இரண்டு பேருக்கும் ஐஎஸ்ஓ 3200 என்று அவர்களுக்குள் பேச்சு.

இருட்டில் படம் எடுக்க ஏற்றுகிற எண் அது. ஏற்ற ஏற்ற இருட்டு விலகும். கூடவே படமெங்கும் ரவை சிந்தினாற்போலப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும்.

3200-ல் லாசரின் கிழட்டு பாடி ரவை சிந்த ஆரம்பித்துவிடும். வேல்ராஜுடையது பளிங்காக நிற்கும். அது லாசருக்கே தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் கோவில்பட்டியிலிருந்து ஒரு பையோடு வந்தவன் வேல்ராஜ். இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது ஐடி கார்டுக்கு லாசரின் ஸ்டுடியோவில்தான் படம் எடுத்துக்கொண்டான். தாடையை இறக்கு என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது தண்டலத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே அவனுக்குப் போன் போய்விடுகிறது.

லாசருக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன?

முன்பு கூட வேலை பார்த்த லைன் ஆட்கள் கையசைத்துக் கூப்பிட்டதால் வேல்ராஜ் டீக் கவுண்டர் பக்கம் போயிருந்தான். அவர்கள் அவன் முதுகில் தட்டிச் சிரிக்கிற சத்தம் இங்கே கேட்டது.

பைபிளின் பத்தாம் கட்டளை லாசருக்கு நினைவு வந்தது. பிறர் உடைமையை விரும்பக்கூடாது. சரி, அவர் விரும்பவில்லையே. திருகக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

அந்தக் கேமராவின் ஐஎஸ்ஓ பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உருட்டினார். 6400. 12800. கை நிற்கவில்லை. 51200-ல் வந்துதான் நின்றது.

பிறகு ஒன்றும் தெரியாத பூனை மாதிரி தன் கேமராவை எடுத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போனார். மாதிரிப் படத்துக்காகக் கேன்டீன் தங்கமாரி இட்லித் தட்டோடு மேடையில் சிரிக்காமல் நின்றாள். லாசர் எடுத்தார்.

வேல்ராஜ் வந்தான். கேமராவில் கண்ணை வைத்தான். ஒரு நொடி அப்படியே நின்றான்.

லாசர் தன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

கிளிக்.

இரண்டு படங்களையும் கேன்டீன் டிவியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். லாசரின் படத்தில் லேசாக ரவை. வேல்ராஜின் படத்தில் ஒரு மூட்டை ரவை. தங்கமாரியின் கன்னம், சேலை, இட்லி எல்லாம் ஒரே உப்புமா.

லாசர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

நரசிம்மன் டிவியை நெருங்கிப் போனார். ஆடிட்டிலேயே பதினெட்டு வருடம் ஊறிய மனிதர். பொருளைப் பார்க்கமாட்டார், அதில் ஒட்டியிருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார். இப்போதும் படத்தை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நம்ம பிளான்ட்டே ஐஎஸ்ஓ நைன் தவுசண்ட் ஒன்னுதான்யா! இவரு கேமரா ஃபிஃப்டி ஒன் தவுசண்டா?"

கேன்டீன் வாசலுக்கு மேலே, தங்கச் சட்டத்துக்குள் அந்த ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. லாசர் அதைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறார். இன்றைக்குத்தான் படித்தார்.

"சார், இது அந்த ஐஎஸ்ஓ இல்ல சார். இதுல நம்பர் ஏற ஏற..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நம்பர் ஏன் ஏறியது என்று அடுத்த கேள்வி வருமே.

படம் முழுக்கப் புள்ளியாக இருக்கிறதே என்று மட்டும் மெல்லக் கேட்டுப் பார்த்தார். அது டீடெயில் ஜாஸ்தி என்றார் நரசிம்மன்.

ஆர்டர் வேல்ராஜுக்கு.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துவிட்டது. அதுவும் அடுத்தவன் வீட்டுப் பிள்ளையார்.

கேட் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். ரிசப்ஷன் சுவரை இந்தத் தடவை லாசர் பார்க்கவில்லை. ஷிப்ட் பஸ்கள் வரிசையாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தன. ஓரமாக ஒதுங்கி நின்ற வேல்ராஜ், கேமராவை எடுத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி சக்கரத்தை நிதானமாகப் பின்னால் உருட்டினான். 3200-ல் நிறுத்தினான்.

லாசர் பஸ்ஸைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நானே ஒரு பன்னெண்டாயிரத்துக்கு ஏத்தணும்னுதான் வந்தேன் அண்ணாச்சி. நீங்க அம்பதுக்கு மேல ஏத்திட்டிய" என்றான் வேல்ராஜ். "அஞ்சு வருசம் நம்ம நரசிம்மன் சாருக்கு ஆடிட் ஃபைல் தூக்கியிருக்கேன்லா."